பூக்கள் இல்லாத ஊட்டி!

பனிக்காலம் முடியும் நேரத்தில் மலையேறினால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது?

காலை ஆறரை மணி. ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் தலைகுந்தா. சாலையோரப் புல்வெளி முழுக்க வெள்ளை. பச்சை என்று சொல்ல ஒரு கை அகலம்கூட மிச்சமில்லை. கர்நாடகப் பதிவெண் வேனிலிருந்து இறங்கிய கல்லூரிப் பையன்கள் வெறும் செருப்போடு புல்லில் கால் வைத்துவிட்டு, அலறியடித்துக்கொண்டு தார்ச்சாலைக்கே திரும்பி ஓடுகிறார்கள். மகளின் உள்ளங்கையில் பனியைச் சுரண்டி வைக்கிறார் ஓர் அம்மா. படம் எடுக்க அப்பா செல்போனைத் தேடி எடுப்பதற்குள் அது தண்ணீராகிவிடுகிறது. இரவெல்லாம் வெட்டவெளியில் நின்ற டாக்ஸியின் கண்ணாடியை, காலாவதியான ஏடிஎம் கார்டால் சுரண்டிக்கொண்டிருக்கிறார் டிரைவர். சற்றுத் தள்ளி, சுள்ளிகளைக் கொளுத்திக் குளிர்காயும் உள்ளூர்க்காரர்கள் இவ்வளவையும் வேடிக்கை பார்க்கிறார்கள். எட்டு மணிக்கு மேல் வெயில் சரிவில் இறங்குகிறது. ஒன்பது மணிக்கு அங்கே ஈரப்புல் மட்டும்தான்.

இதே சாலை மே மாதத்தில் எப்படி இருக்கும் என்பதை, அங்கே குழந்தை குட்டிகளோடு மணிக்கணக்கில் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவர்களைக் கேட்டால் தெரியும். 2024 ஏப்ரலில், கோடைக்காலத்தில் நாளொன்றுக்குச் சுமார் 20,000 வண்டிகள் நீலகிரிக்குள் நுழைகின்றன என்ற கணக்கைப் பார்த்துத்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதிர்ந்தது. மே 7-ம் தேதியிலிருந்து இ-பாஸ் வந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை, வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வந்தது. போதாக்குறைக்கு, கொளுத்தும் சமவெளிக்குப் பயந்து மேலே ஏறியவர்களை 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியே 29 டிகிரியோடு வரவேற்றது.

‘கோடையில் வேண்டாம், கூட்டம் இல்லாதபோது போவோம்’ என்று பேசும் குடும்பங்கள் இப்போது பெருகியிருக்கின்றன. நல்ல யோசனைதான். ஆனால், மே மாத ஊட்டியே பாதி விலைக்குக் கிடைக்கப்போகிறது என்று எண்ணிப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். பனிக்கால ஊட்டி வேறொரு ஊர். அதற்கு வேறு மனசும் வேறு பையும் வேண்டும்.

சீசன் யார் போட்ட கணக்கு?

கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் கோத்தகிரிப் பக்கம் வந்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஊட்டியில் கல் பங்களா கட்டினார். 1824-ல் ஏரியை உருவாக்கும் வேலை தொடங்கியது. பிறகு ஊட்டி சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகர் ஆனது. வெயில் தொடங்கியதும் கவர்னரும் கோப்புகளும் மேலே ஏறுவதும், குளிர் வருவதற்குள் கீழே இறங்குவதும் வழக்கமாயிற்று. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-ல் ரயில் வந்தது. 1908-ல் அது ஊட்டியைத் தொட்டது. வெள்ளைக்காரர்கள் போய்விட்டார்கள், அவர்களுடைய காலண்டர் போகவில்லை. ஏப்ரல், மே முதல் சீசன். செப்டம்பர், அக்டோபர் இரண்டாவது சீசன். மீதமெல்லாம் ‘ஆஃப் சீசன்’.

இந்த மலையில் அவர்களுக்கு முன்பிருந்தே வாழும் தோடர்கள், கோத்தர்கள், படகர்களுக்கு இந்தக் காலண்டர் பொருந்தாது. படகர்களின் பெரிய விழாவான ஹெத்தையம்மன் பண்டிகை டிசம்பர், ஜனவரிக் குளிரில்தான் வருகிறது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேலையில் ஊர் ஊராக மக்கள் நடந்து வருவதைக் கோடைப் பயணி பார்த்திருக்க வாய்ப்பே இல்லை.

பனி விழும் சூத்திரம்

அக்டோபர், நவம்பர் வாக்கில் முதலில் நீர்ப்பனி. புல் நுனியில் சொட்டுச் சொட்டாக நிற்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வானம் துடைத்து வைத்ததாக ஆனபின் உறைபனி. மேகம் இல்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதனால்தான் மேட்டில் இருக்கும் உங்கள் காட்டேஜில் ஒன்றும் இல்லாதபோது, தலைகுந்தா, காந்தல், சாண்டிநல்லா, அவலாஞ்சி போன்ற தாழ்வான வெளிகள் வெளுத்துக் கிடக்கின்றன. வெப்பமானி ஆளுயரத்தில் இரண்டு, மூன்று டிகிரி என்று காட்டும். அதன் காலடியில் புல் உறைந்திருக்கும்.

பகலில் கதை தலைகீழ். இருபது டிகிரியைத் தொடும், வெயில் சுள்ளென்று அடிக்கும். காற்றில் ஈரம் இல்லாததால் உதடு வெடிக்கும், தோல் கறுக்கும். நிழலுக்குள் போனால் ஸ்வெட்டர், வெயிலுக்கு வந்தால் அரைக்கைச் சட்டை என்று நாள் முழுக்க மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மாலை ஐந்தரைக்கு மேல் எந்த வீரமும் செல்லாது.

இந்தக் குளிர் எல்லோருக்கும் வேடிக்கை இல்லை. உறைபனி விழுந்த தேயிலைக் கொழுந்து வெயில் பட்டதும் கருகிவிடும். பசுந்தேயிலை வரத்து குறையும். தோட்டத்தில் கூலி வேலை குறையும். தலைகுந்தாவில் நீங்கள் படமெடுக்கும் அதே வெள்ளைதான், இரண்டு வளைவு தள்ளி ஒரு சிறு விவசாயியின் செடியைத் தின்றிருக்கும். அதே சமயம், கருகாமல் தப்பிய இலையில் மணம் கூடுகிறது. குளிர்காலத்தில் மெல்ல வளரும் கொழுந்திலிருந்து செய்யும் தேயிலையை ‘ஃப்ராஸ்ட் டீ’ என்று தனியாகவே விற்கிறார்கள். குன்னூரில் நல்ல தேயிலை வாங்க நினைப்பவர்களுக்கு மே மாதத்தைவிட இதுதான் நேரம். சாக்லேட் கடைகளில் ‘ஏலக்காய் டீ’ என்று கலர் டப்பாவில் விற்பதை நான் சொல்லவில்லை.

முகூர்த்தத்துக்கு முதல் நாள்

தாவரவியல் பூங்காவுக்கு வருவோம். 1848-ல் தொடங்கி, மெக்ஐவர் என்ற தோட்டக்கலை நிபுணர் உருவாக்கியது. பிப்ரவரியில் அங்கே போய், செல்போன் வால்பேப்பரில் பார்த்த பூப்பாத்திகளைத் தேடினால் கிடைக்காது. அதற்குப் பதிலாகக் காண்பது, முகூர்த்தத்துக்கு முதல் நாள் கல்யாண மண்டபத்தில் நடக்கிற காரியங்கள். மே மாத மலர்க்காட்சிக்கான நாற்றுகள் தொட்டிகளில் ஏறிக்கொண்டிருக்கும். இளஞ்செடிகளை உறைபனி தாக்காமல் மிலார் செடித் தழைகளால் மூடி வைத்திருப்பார்கள். காலையில் முதல் வேலையாகப் புல்தரையில் தண்ணீர் தெளிப்பார்கள், பனி கரைந்து புல் கருகாமல் இருக்க. 2025-ல் நடந்தது 127-வது மலர்க்காட்சி. அவ்வளவு காலமாக இதே பனியில்தான் அதற்கான வேலை நடந்துவருகிறது.

ரோஜாப் பூங்காவில் ஏமாற்றம் இன்னும் கடுமையாக இருக்கும். நூறாவது மலர்க்காட்சியின் நினைவாக 1995-ல் அமைத்த பூங்கா இது. ஏப்ரல், மேயில் ஒட்டுமொத்தமாகப் பூக்க வேண்டும் என்பதற்காக ஜனவரியில் செடிகளைக் கவாத்து செய்துவிடுவார்கள். நீங்கள் டிக்கெட் எடுத்து உள்ளே போனால் மொட்டைக் குச்சிகள் வரிசை கட்டி நிற்கும். செடி வளர்ப்பவர்கள் போய்ப் பார்க்கலாம். கவாத்து வெட்டு எந்தக் கோணத்தில் விழ வேண்டும் என்பதை அங்கேயே கற்றுக்கொள்ளலாம். புதுமணத் தம்பதிகள் தவிர்த்துவிடலாம்.

பூ வேண்டும் என்றே அடம்பிடித்தால் பூங்காவை விட்டு வெளியே வாருங்கள். சோலைக்காட்டு ஓரங்களில் காட்டுப்பூவரசு இரத்தச் சிவப்பில் பூத்திருக்கும். இமயமலையில் பூக்கும் ரோடோடெண்ட்ரான் குடும்பத்தின் தென்னாட்டுச் சொந்தம் அது. சீகை மரங்கள் மஞ்சள் மஞ்சளாகச் சொரியும். பார்க்க அழகுதான், ஆனால் வெள்ளைக்காரர் கொண்டுவந்து நட்ட இந்தச் சீகை, புல்வெளிகளை விழுங்கிப் பரவிவிட்டதால் அகற்றப்பட வேண்டிய அந்நிய மரங்களின் பட்டியலில் இருக்கிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சீசன் மாதங்களில் பூங்காக்களில் சினிமா படப்பிடிப்புக்கு அனுமதி கிடையாது. அதனால் மற்ற மாதங்களில், காலையில் தாவரவியல் பூங்காவுக்குள் போனால், மெல்லிய சேலையில் நடுங்கும் கதாநாயகியையும், ஷாட் முடிந்ததும் சால்வையோடு ஓடும் உதவியாளரையும் பார்க்கக் கிடைக்கலாம்.

■ பெட்டிச் செய்தி: மலையின் கணக்கு

ஊட்டியின் உயரம்: சுமார் 2,240 மீட்டர். தொட்டபெட்டா: 2,637 மீட்டர். குன்னூர்: சுமார் 1,850 மீட்டர்.

மலை ரயில்: மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரை 46 கி.மீ. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பல்சக்கரப் பாதை. அதிகபட்ச ஏற்றம் பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி. 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம்.

கல்லட்டி மலைப்பாதை: 36 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இதில் இறங்க வெளியூர் வண்டிகளைப் போலீஸ் விடுவதில்லை. கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும்.

ஜனவரி 26-க்குப் பின், பிப்ரவரி 15-க்கு முன்

ஆஃப் சீசன் என்றாலே ஊர் காலியாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. பொங்கல் விடுமுறையில் ஊட்டி நிரம்பி வழியும். குடியரசு தினம் வெள்ளி அல்லது திங்களில் விழுந்தால் கேட்கவே வேண்டாம். அதன் பிறகுதான் ஊர் மூச்சு விடுகிறது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பிள்ளைகள் பரீட்சைக்குத் தயாராகும் மாதங்கள். குடும்பங்கள் வீட்டைவிட்டு நகராது. திங்கள் முதல் வியாழன் வரை சேரிங் கிராஸ் சந்திப்பில் ஹாரன் சத்தம் இல்லாமல் நடக்க முடியும்.

சரி, மார்ச்சில் போகலாமா? போகலாம், ஆனால் பனியும் இருக்காது, காடும் இருக்காது. பிப்ரவரி நடுவிலிருந்து காட்டுத்தீக் காலம் தொடங்கிவிடுகிறது. உறைபனியில் காய்ந்த புல்லுக்கு ஒரு பீடித்துண்டு போதும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் தீயில் மாண்டார்கள். அதன் பிறகு தீக்காலத்தில் மலையேற்றத்துக்கு வனத்துறை அனுமதி தருவதில்லை. வனத்துறையின் சுற்றுலா இடங்களும், முதுமலையின் வாகன சவாரியும் வறட்சியைப் பொறுத்து மூடப்படுவது உண்டு. பனி, காடு இரண்டும் வேண்டுவோர் ஜனவரி கடைசிக்கும் பிப்ரவரி நடுவுக்கும் இடைப்பட்ட அந்த இரண்டு, மூன்று வாரங்களைப் பிடித்துக்கொள்வது நல்லது. அப்போதும் கிளம்பும் முன் போன் போட்டு விசாரித்துவிடுங்கள்.

அந்த நாட்களில் முதுமலை கொடுத்துவைத்த இடம். இலைகள் உதிர்ந்து, பார்வை காட்டுக்குள் தூரம் போகும். நீர்நிலைகள் சுருங்குவதால் யானையும் மானும் காட்டெருமையும் தண்ணீரைத் தேடி ஓரிடத்துக்கு வந்தாக வேண்டும். மே மாதப் பசுமையில் புதர்தான் தெரியும். அருவிகள் விஷயத்தில் கணக்கு நேரெதிர்: பைக்காரா அருவி இப்போது மெலிந்து, பாறைதான் அதிகம் தெரியும். அதற்காகத் தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டாம். தொட்டபெட்டாவுக்கு ஒதுக்கலாம். மேகம் இல்லாத காலையில் ஒரு பக்கம் கோவைச் சமவெளியும் மறுபக்கம் மைசூர் பீடபூமியும் விரியும். கோடைக்கூட்டத்தில் முண்டியடித்து ஏறி, வெறும் மூடுபனியைப் பார்த்துத் திரும்பியவர்கள் இதற்காகவே ஒருமுறை வரலாம்.

மலை ரயிலுக்கும் இது நல்ல நேரம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண்சரிவு என்று சொல்லி வண்டியை நிறுத்திக்கொண்டே இருப்பார்கள். ஜனவரி கடைசியில் மலை காய்ந்திருக்கும். சென்னையிலிருந்து இரவு புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் மேட்டுப்பாளையத்தில் விடும், 7.10-க்கு மலை ரயில். ஆனால் ரயிலுக்கு ஆஃப் சீசன் என்பதே கிடையாது. முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கும். திறந்த அன்றே பார்ப்பது உத்தமம். கிடைக்காதவர்கள் குன்னூர் வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து ஊட்டிக்குப் பயணிகள் ரயில் பிடிக்கலாம். நீராவி எஞ்சின் கிடைக்காது, ஜன்னல் காட்சிக்குக் குறை இருக்காது.

அறை எடுக்கும்போது

மே மாதத்தில் இரண்டு, மூன்று மடங்கு சொல்லும் லாட்ஜ்கள் இப்போது பேரத்துக்கு இறங்கி வரும். வாடகையைக் குறைப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வெந்நீர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை? ஹீட்டருக்குத் தனி வாடகையா? அறையில் காலை வெயில் விழுமா? கடைசிக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் இந்த மாதத்தில் அதுதான் முக்கியம். பள்ளத்தாக்கைப் பார்த்த வடக்கு அறை, விளம்பரப் படத்தில் பிரமாதமாக இருக்கும். அதில் இரவு முழுக்கப் போர்வை ஈரமாகவே இருக்கும்.

வயதானவர்களும் ஆஸ்துமாக்காரர்களும் கைக்குழந்தையும் உள்ள குடும்பங்கள் குன்னூரிலோ கோத்தகிரியிலோ தங்கிவிடுவது புத்திசாலித்தனம். உயரம் குறைவு, குளிர் அந்த அளவுக்குக் கடிக்காது. காலையில் கிளம்பி ஊட்டியைச் சுற்றிவிட்டு மாலையில் இறங்கிவிடலாம்.

இப்போது ஓர் எச்சரிக்கை, இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைத்துக் குளிர்காயாதீர்கள். வெளியே ‘கேம்ப் ஃபயர்’ முடித்துவிட்டு, மிச்சக் கங்கை அறைக்குள் தூக்கிக்கொண்டு போய் வைத்து, கதவு ஜன்னலைச் சாத்திப் படுத்தவர்கள் எழுந்திருக்காமலே போன சம்பவங்கள் மலையூர்களில் நடந்திருக்கின்றன. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, கண் எரியாது. தூக்கம் வருவதாகத்தான் தோன்றும். லாட்ஜ்காரரே கரித்தட்டைக் கொண்டுவந்து வைத்தாலும் வேண்டாம் என்று திருப்பி அனுப்புங்கள். இன்னொரு ரஜாய் கேளுங்கள்.

■ பெட்டிச் செய்தி: பையில் என்ன?

ஒரு தடித்த ஸ்வெட்டரைவிட, மேலே மேலே போட்டுக் கழற்ற வசதியான இரண்டு மெல்லிய ஸ்வெட்டர்கள். காதை மூடும் குல்லா, சாக்ஸ், மூடிய ஷூ. உதட்டுக்கு வாசலின், முகத்துக்கு சன்ஸ்கிரீன்.

தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கல்லாக உறைந்துவிடும். சின்ன வாய் பாட்டில் வேண்டாம், டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள்.

தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கும் சிறிய தண்ணீர் பாட்டில்களும் மாவட்டத்துக்குள் தடை. சோதனைச் சாவடியில் பறிமுதலும் அபராதமும் உண்டு.

சொந்த வண்டி என்றால் இ-பாஸை ஆன்லைனில் முன்னதாகவே எடுத்துவிடுங்கள். இறங்கும்போது இரண்டாவது கியர்.

காலி நாற்காலிகளின் கணக்கு

ஊட்டியில் பணம் ஓடுவது ஆண்டில் சில மாதங்கள்தான். ஏரிக்கரையில் குதிரை வைத்திருப்பவருக்குக் குதிரைத் தீவனம் பன்னிரண்டு மாதமும் வேண்டும். சவாரி அந்தச் சில மாதங்களில்தான். டாக்ஸி டிரைவர், வர்க்கி சுடும் பேக்கரி, தைலம் விற்கும் கடை, ஸ்வெட்டர் அடுக்கிய திபெத்திய மார்க்கெட் என்று எல்லோருடைய கணக்குப் புத்தகமும் இப்படித்தான். அதனால்தான் உச்சவரம்பை எதிர்த்து 2025 ஏப்ரல் 2-ம் தேதி நீலகிரி முழுக்க வியாபாரிகள் கடையடைப்பு நடத்தினார்கள். இரண்டு மாதத்தில் சம்பாதித்ததை வைத்துப் பத்து மாதம் ஓட்டுகிறவர்களிடம், அந்த இரண்டு மாதத்தையும் சுருக்கிக்கொள் என்று சொன்னால் கோபம் வராமல் இருக்குமா?

இந்த இடத்தில்தான் பிப்ரவரிப் பயணி உதவிக்கு வருகிறார். அவர் கொடுக்கும் தொகை சிறியது, ஆனால் கடன் வாங்கும் மாதத்தில் கைக்கு வருகிறது. டிரைவருக்கு அன்று அவசரம் இல்லை. ஐந்து இடத்தை இரண்டு மணி நேரத்தில் காட்டி இறக்கிவிட வேண்டிய கட்டாயம் இல்லை. கேத்தி பள்ளத்தாக்கில் கேரட் கழுவும் இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார். தோடர்களின் கறுப்பு, சிவப்பு நூல் பூத்தையல் 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. நல்ல சால்வை ஒன்றை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். கூட்டமில்லாத நாளில் தைப்பவர் பக்கத்திலேயே உட்கார்ந்து நூலை எண்ணிப் போடுவதைப் பார்க்கலாம். பேரம் மட்டும் வேண்டாம், ஆஃப் சீசன் ரேட் அதற்குக் கிடையாது.

ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது: ‘கூட்டத்தைப் பன்னிரண்டு மாதத்துக்கும் பிரித்துவிட்டால் பிரச்னை தீர்ந்தது.’ காகிதத்தில் சரியாகவே வருகிறது. ஆனால் மலைக்கு இந்தக் காலி மாதங்கள் வீணான மாதங்கள் இல்லை. புல்தரை ஆறுவதும், ரோஜா துளிர்ப்பதும், மண் சரிந்த இடங்களில் தடுப்புச் சுவர் கட்டுவதும், கட்டடங்களுக்கு வெள்ளையடிப்பதும் இப்போதுதான். பார்சன்ஸ் வேலி போன்ற நீர்த்தேக்கங்களில் மழைக்குப் பிறகு நின்ற தண்ணீரைத்தான் கோடை வரை கட்டிச் செலவழிக்க வேண்டும். ஆண்டிலேயே மழை மிகக் குறைவான மாதங்கள் ஜனவரியும் பிப்ரவரியும்தான். காட்டு விலங்குகளுக்கு வறட்சி தொடங்கும் நேரம். இரவில் சாலையைக் கடக்கும் காட்டெருமைக்கு, பிப்ரவரியில் வரும் காரும் மே மாதக் காரும் ஒன்றுதான்.

மலை எவ்வளவு தாங்கும் என்று ஆராயும் பொறுப்பை நீதிமன்றம் சென்னை ஐஐடி-க்கும் பெங்களூரு ஐஐஎம்-க்கும் கொடுத்தது. 6,000, 8,000 என்பதெல்லாம் இடைக்கால ஏற்பாடு. அதுவும் கோடைக்கு மட்டும். குளிர்காலத்துக்கும் சேர்த்து ஆண்டு முழுக்க ஒரு கணக்கு வருமானால், அது வண்டிகளை எண்ணினால் மட்டும் போதாது. தண்ணீரையும் குப்பையையும் எண்ண வேண்டியிருக்கும். ஒரு பஸ்ஸில் ஐம்பது பேர் வருவதும் இருபது காரில் ஐம்பது பேர் வருவதும் அந்தக் கணக்கில் ஒன்றாக இருக்க முடியாது.

அதுவரை நம் கையில் இருப்பது ஒன்று: காரை மேட்டுப்பாளையத்திலேயே விட்டுவிடுவது. அரசு பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் இ-பாஸ் வேண்டாம், இரண்டாவது கியர் கவலை வேண்டாம். இந்த மாதங்களில் வார நாட்களில் பஸ்ஸில் உட்கார இடமும் கிடைக்கும். மலைப்பாதையில் பர்லியாறு தாண்டியதும் ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள்.